சூடு வைத்த மீட்டரும் கொட்டாஞ்சேனைக் கவரும்

கேக் வெட்டிவிட்டுத்தான் பெட்டகத்தைத் திறந்தோம். அதுதான் முதல் தப்பு. ஆறு வருடம் மலைக்கு அடியில் உட்கார்ந்து எடுத்த கணக்கின் விடை, ஒரு கவருக்குள் இருக்கும் குறிப்பைப் பொறுத்து இருந்தது. கவரைப் பிரித்தால் வெள்ளைத் தாள். திருப்பிப் பார்த்தால் அந்தப் பக்கமும் வெள்ளை. எங்கள் கூடத்தில் சீட்டு அடிக்கும் சின்னப் பிரிண்டர் ஒன்று உண்டு; கடை பில் மாதிரி, சூட்டில் எழுத்து வரும் தாள். குறிப்பை எழுதியவர் அதில் அடித்துப் பூட்டி வைத்திருக்கிறார். எழுத்து மங்கி மங்கி மறைந்தே போயிருக்கிறது. நட்சத்திரங்களின் வயதைக் கணக்கிட வந்த கூட்டத்துக்கு ஒரு பில் தாளின் ஆயுள் தெரியவில்லை. கேக்கை யாரும் தொடவில்லை.

இன்னொரு பிரதி கொழும்பில், கொட்டாஞ்சேனையில், ரெஜினால்டு சாரிடம் இருந்தது. அதை வாங்கி வரத்தான் போனேன்.

நான் திருச்சிக்காரி. பிழைப்பு ஐரோப்பாவில், மலையைக் குடைந்து கட்டிய ஓர் ஆய்வுக்கூடத்தில். அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். சூரியனைவிடப் பெரிய நட்சத்திரங்கள் ஹைட்ரஜனை எரிக்கும்போது கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் என்று ஒரு சுற்றுச் சுற்றி எரிக்கின்றன. சூரியனுக்குள்ளும் கொஞ்சம் அப்படி நடக்கிறது. அந்தச் சுற்றில் நைட்ரஜன் ஒரு புரோட்டானை விழுங்கும் இடம்தான் ரொம்ப மெதுவானது. எங்கள் ஊர்ப் பால்பண்ணை ரவுண்டானா மாதிரி, மொத்த வண்டியும் அங்கே நின்றுதான் நகரும். அந்த இடத்தின் வேகம் தெரிந்தால் மிகப் பழைய நட்சத்திரக் கூட்டங்களின் வயதைச் சொல்லலாம். சூரியனின் நடுவிலிருந்து அதே சுற்றில் கிளம்பி நம்மைத் துளைத்துப் போகும் நியூட்ரினோக்களை வைத்து, சூரியனுக்குள் நைட்ரஜன் எவ்வளவு என்றும் சொல்லலாம்.

நாங்கள் நைட்ரஜன் பூசிய தகட்டின் மேல் புரோட்டான்களை வீசினோம். ஒன்று விழுங்கப்பட்டால் ஒரு மினுக்கல் வரும், அதை எண்ணினோம். சில நாள் முழுக்க எண்ணியது ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். வானத்திலிருந்து பொழியும் கதிர்கள் இந்த எண்ணிக்கையைக் கெடுத்துவிடும் என்பதால்தான் மலைக்கடியில் போய் ஒளிந்துகொண்டோம்.

எண்ணுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. விடை இப்படி வரவேண்டும் என்று மனசில் ஒன்றை வைத்துக்கொண்டால், அது வரும்வரை கணக்கில் தப்புத் தேடுவார்கள். வந்ததும் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். பொய் சொல்வதே இல்லை, ஆனால் விடை பொய்யாகிவிடும். அதற்கு எங்கள் தொழிலில் ஒரு மருந்து இருக்கிறது. எத்தனை புரோட்டான் வீசினோம் என்று காட்டும் மீட்டருக்குச் சூடு வைத்துவிடுவோம். எங்கள் ஊர் ஆட்டோ மீட்டருக்கு வைப்பார்களே, அதே சூடு. வேகமாகவா மெதுவாகவா, எவ்வளவு என்பது வைத்த ஒருவருக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் தெரியாமலே கணக்கை முடித்து, இனி ஒரு புள்ளியும் மாற்றமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டபிறகுதான் கவரைப் பிரிக்கலாம்.

சூடு வைத்தவர் ரெஜினால்டு சார், எங்கள் மின்னணுப் பொறியாளர். கொட்டாஞ்சேனைக்காரர். ஓய்வு பெற்றதும் ஊர் திரும்பி, தங்கை வீட்டில் இருக்கிறார். மீட்டர் இருந்த பெட்டியையாவது பார்க்கலாம் என்றால், அதைப் போன வருடமே பிரித்து உதிரிகளை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். நைட்ரஜன் புரோட்டானை விழுங்கும் அந்த வேகம் இதுவரை எல்லோரும் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் வரும், பழைய நட்சத்திரங்களின் வயது கூடும் என்று நான் மூன்று மாநாடுகளில் மைக் பிடித்துப் பேசியிருந்தேன். மீட்டர் மெதுவாக ஓடியிருந்தால் என் பேச்சு நிலைக்கும். வேகமாக ஓடியிருந்தால், நான் ஊரெல்லாம் உளறினவள். தூங்கி நாளாகியிருந்தது.

ஃபோனில் கேட்டேன். “கவர் பத்திரமா இருக்கு பிள்ள. ஃபோன்ல சொல்லமாட்டன். கையெழுத்துப் போட்ட தாளைக் கொண்டுவந்து காட்டுங்க, ரெண்டு பேரும் பாத்திருக்கத் திறப்பம். நீங்க எழுதின ரூல்தானே?” என்றார். நான் எழுதின ரூல்தான். அந்த வாரம் முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மதியம் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இறங்கினேன். நடத்துகிறவர் சிவஞானம், யாழ்ப்பாணத்துக்காரர். அடையாள அட்டையைவிட என் வாயைத்தான் அதிகம் ஆராய்ந்தார்.

“ஐரோப்பா எண்டு எழுதியிருக்கிறியள். கதையைப் பாத்தா இந்தியா போலக் கிடக்கு?”

“திருச்சிங்க. வேலைதான் அங்க.”

“என்ன வேலை?”

“பிசிக்ஸ் ஆராய்ச்சி.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்ப நல்லது. பக்கத்து லேனிலை திறமான பிசிக்ஸ் மாஸ்டர் ஒருத்தர் இருக்கிறார். என்ர மகளும் அவரிட்டைத்தான் படிச்சவள். நிக்கிற நாளிலை ஏதும் சந்தேகம் இருந்தா ஒருக்காப் போய்க் கேளுங்கோவன்.”

கேட்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது? இந்தத் தெருக்களில் சுவருக்குச் சுவர் டியூஷன் போஸ்டர்தான். ஆசிரியர்கள் எல்லோரும் சினிமாக் கதாநாயகன் மாதிரி கை கட்டி நின்று முறைக்கிறார்கள். எங்கள் ஊரிலும் டியூஷன் பைத்தியம் உண்டு, ஆனால் பௌதிக வாத்தியாருக்குக் கூலிங் கிளாஸ் மாட்டிவிடும் அளவுக்கு நாங்கள் இன்னும் முன்னேறவில்லை.

பசி. ஸ்டேஷன் போகும் வழியில் ஒரு தேநீர்க் கடை. நான் சைவம் என்று இரண்டு தடவை சொன்னேன். கல்லாவில் இருந்தவர் இரண்டு தடவையும் தலையாட்டினார். இடியாப்பமும் சொதியும் தேவாமிர்தம், பொய் சொல்லமாட்டேன். தேங்காய்ச் சம்பலில்தான் மரத்தூள் மாதிரி ஏதோ பல்லில் கடிபட்டது.

“இது என்னங்க, மீனா?”

“மீன் இல்ல மிஸ்.”

“பின்ன?”

“மாசி.”

மாசி என்பது மாலைதீவில் மீனைப் பிடித்து, அவித்து, புகையிட்டு, கல் மாதிரி காயவைத்துத் தூளாக்கியது என்று பக்கத்து மேசைக்காரர் விளக்கினார். “அப்ப மீன்தானே?” என்று கேட்டேன். இரண்டு பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அதன் பிறகு கடைகளில் எனக்கு வாழைப்பழமும் பால் ஊற்றாத பிளேன்டீயும்தான் நம்பகமான உணவு.

திங்கட்கிழமை காலை ரயிலில் போகலாம் என்று கடலோர ஸ்டேஷனுக்குப் போனேன். அலை தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வந்து மோதுகிறது. அழகுதான். அந்த அழகில் லயித்து, வந்த ரயிலில் ஏறிவிட்டேன். வடக்கே கோட்டைக்குப் போகிற ரயிலில் கடல் இடது கைப்பக்கம் இருக்கவேண்டும். வலது கைப்பக்கம் இருந்தது. சூரியனின் நடுவில் என்ன நடக்கிறது என்று சொல்கிறவளுக்கு இது உறைக்கவில்லை. எதிரே இருந்த இரண்டு பெண்கள் என் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. அதில் ஒருத்தி தமிழில் திரும்பினாள். “கோட்டைக்குத்தான் போகணும் போல, பாணந்துறை ரயில்ல இருக்கு, பாவம், சொல்லவா விடவா எண்டு கேக்கிறா இவ.” சொல்லியிருக்கலாமே அம்மா, ஏறும்போதே! தெஹிவளையில் இறங்கினேன்.

கோபத்தில் ஒரு த்ரீவீலரைப் பிடித்தேன். ஓட்டுநர் சிங்களவர், தமிழ் கொஞ்சம் வரும். காலி வீதி நெரிசல், குறுக்கு வழியில் கொண்டுபோகிறேன் என்றார். குறுக்கு வழி ஒருகொடவத்தைக்குப் போயிற்று. முன்னால் கொள்கலன் லாரி, பின்னால் கொள்கலன் லாரி, பக்கவாட்டில் திரும்ப முடியாமல் குறுக்கே நிற்கும் கொள்கலன் லாரி. நடுவில் நாங்கள், டீசல் புகையில். அவர் யாருடனோ ஃபோனில் சிரித்துச் சிரித்துப் பேசினார்.

“என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன்.

மறைக்காமல் மொழிபெயர்த்தார். “நான் வர லேட்டாகும், வண்டியில ஒரு மிஸ் இருக்கு, சரியான கோபம், ஆனா எனக்குப் பேசல, தனக்குத்தானே பேசுது எண்டு சொன்னேன்.”

அதற்கு மேல் என்ன சண்டை போடுவது? நாற்பது நிமிடம் அங்கேயே நின்றோம்.

கொட்டாஞ்சேனை வெள்ளவத்தை மாதிரி இல்லை. துறைமுகத்துக்குப் பின்முதுகு இது. வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. சந்திக்குச் சந்தி கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மாதா சொரூபம், அதற்கு ஒரு பல்பு, ஒரு பூமாலை. ரெஜினால்டு சாரின் வீட்டுக் கதவைத் திறந்தவர் அவருடைய தங்கை ஃபிலோமினா. அறுபதைத் தொட்டிருக்கும், சுறுசுறுப்பானவர்.

“அண்ணா ஹெந்தளைக்குப் போயிட்டாரே. அங்க கொயர்காரங்க பாடுற அம்ப்ளிஃபயர் பழுதாப் போச்சாம்.”

“நான் இன்னைக்கு வர்றேன்னு அவருக்குத் தெரியுமே அக்கா.”

“ஓம், தெரியும். அதுதான் என்னை வீட்டுல இருக்கச் சொன்னாரு.”

“ஃபோன் பண்ணிப் பார்க்கலாமா?”

“ஃபோன் இங்கதானே சார்ஜில கிடக்கு.”

ஆறு வருடக் கணக்கு, ஒரு கண்டம் தாண்டி வந்திருக்கிறேன், இவர் பாட்டுக்காரர்களின் பெட்டிக்கு ஈயம் பற்றவைக்கப் போயிருக்கிறார். ஃபிலோமினா சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் வைத்தார். “மாசி போடல, பயப்படாதீங்க” என்று கேட்காமலே சொன்னார். என் முகத்தில் அது எழுதியிருந்திருக்க வேண்டும். மாலைவரை அவர் வீட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலரை மணிக்கு ரெஜினால்டு சார் வந்தார். அவரைக் கண்டதும் கோபம் பாதி போய்விட்டது, அவர் அப்படிப்பட்டவர். “வாங்க பிள்ள, மெலிஞ்சு போயிட்டீங்க” என்றார். கையெழுத்துத் தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடி போட்டு, ஒரு வரி விடாமல் வாசித்தார். பிறகு எழுந்து கூடத்து மூலையில் இருந்த மாதா கூண்டின் கதவைத் திறந்தார். சொரூபத்தின் காலடியில் கைவிட்டார். கை அங்கேயே நின்றது.

“ஃபிலோ, இதுல ஒரு கவர் இருந்துச்சே?”

“ஓம். குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“கோயிலுக்கு.”

கொழும்பில் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். அந்த வீட்டில் மாதாவின் காலடியில் வைக்கப்படும் ஒட்டிய கவர் என்றால் ஒரே ஒரு பொருள்தான்: அது மன்றாட்டு. பிள்ளைக்கு வேலை, காலுக்குச் சுகம், வீசா, வழக்கு, எதுவானாலும் எழுதி ஒட்டி அங்கே வைப்பார்கள். செவ்வாய் நவநாள் ஜெபத்துக்குப் போகும்போது ஃபிலோமினா அவற்றை எடுத்துப்போய்க் கோயிலில் மன்றாட்டுப் பெட்டியில் போடுவார். எங்கள் ஊரில் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுப்போமே, அது மாதிரி. ஒரே வித்தியாசம், இங்கே யாரும் பிரித்து வாசிப்பதில்லை. மாதம் ஒருமுறை அப்படியே எரித்துவிடுவார்கள்.

“இந்த வீட்டுல யாரும் தொடாத இடம் அதுதானே எண்டு வச்சேன்” என்றார் ரெஜினால்டு சார், என்னைப் பார்க்காமல்.

“மேல ‘திறக்க வேண்டாம்’ எண்டு வேற எழுதியிருந்துச்சு” என்றார் ஃபிலோமினா. “மன்றாட்டு இல்லாட்டி வேற எதுக்கு அப்படி எழுதுவாங்க? பிறகு அந்தக் கவர் ஒரே அழுக்கு. சாமிக்கு அழுக்குக் கவரா குடுக்கிறது? புது வெள்ளைக் கவருக்குள்ள போட்டு ஒட்டித்தான் குடுத்தேன். போன செவ்வாய்.”

“எண் ஞாபகம் இருக்கா சார்?” என் குரல் எனக்கே கிறீச்சென்று கேட்டது.

“இல்ல பிள்ள. தாயக் கட்டை மாதிரிப் போட்டு எடுத்த நம்பர். மீட்டரைத் திருப்பினேன், எழுதினேன், மறந்துட்டேன். மறக்கிறதுதானே என்ர வேலை.”

நான் அன்று என்ன பேசினேன் என்று முழுதாக எழுதினால் எனக்கு மரியாதை இருக்காது. உலகத்தில் எத்தனை வங்கிப் பெட்டகம், எத்தனை பூட்டு, மாதாவின் காலடிதான் கிடைத்ததா என்று கத்தினேன். ஃபிலோமினா ஒரு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். அதையும் கோபமாகத்தான் குடித்தேன்.

செவ்வாய் காலை மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். நவநாள் கூட்டம். மெழுகுதிரி வெப்பத்தில் வியர்த்துக்கொண்டு, பூசை முடியும்வரை நின்றேன். ஃபாதர் சிலாபத்துக்குப் போயிருந்தார். கோயிலைக் கவனித்துக்கொள்பவர் மரியதாஸ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், கழுத்து தடித்த ஆள். ரெஜினால்டு சார் விஷயத்தைச் சொன்னார். மரியதாஸ் பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போய் ஒரு சாக்கைக் காட்டினார். நல்லவேளை, எரிக்கவில்லை. அன்று மாலைதான் எரிப்பதாக இருந்தது.

சாக்கு நிறைய வெள்ளைக் கவர். எல்லாம் ஒரே கடையில் வாங்கிய மாதிரி ஒரே அளவு.

“பிரிச்சுப் பார்த்தா ஒரு மணி நேரத்துல கண்டுபிடிச்சிடலாம்” என்றேன்.

“பிரிக்க ஏலாது” என்றார் மரியதாஸ்.

“நான் எதையும் படிக்கமாட்டேங்க. நம்பர் இருக்கான்னு மட்டும்தான்...”

“மிஸ், இதுகள் ஆண்டவருக்கு எழுதினது. இந்தப் பெட்டிச் சாவி என் கையில எத்தன வருஷமா இருக்கு, நான் ஒண்டு திறந்ததில்ல. என் மனுசி போடுற கவரும் இதுக்குள்ளதான் வருது. அதையும் திறந்ததில்ல.”

“சரி, வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கிறேன். உள்ளே இன்னொரு கவர் இருந்தா கறுப்பாத் தெரியும்.”

“எழுத்தும் தெரியும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆத்திரத்தில். ஒரு கவர், ஒரே ஒரு கவர்! பார்த்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்க முடியவில்லை. அதே கேள்வியை எங்கள் மாணவி மார்த்தா என்னிடம் கேட்டிருக்கிறாள். “கொஞ்சம் எட்டிப் பார்த்தால் என்ன? கணக்குச் சரியான திசையில் போகிறதா என்று மட்டும்” என்று. நான் அவளை ஒரு கூட்டத்தின் நடுவில் வைத்து விளாசினேன். எட்டிப் பார்ப்பது என்பதில் கொஞ்சம் என்பதே கிடையாது என்றேன். மரியதாஸ் என்னை அப்படி விளாசக்கூட இல்லை, பொறுமையாகத்தான் சொன்னார்.

“கையால தொட்டுப் பாருங்க. அவ்வளவுதான். உங்கட கவர்தான் எண்டு நிச்சயமாத் தெரிஞ்சா, குடுத்தவங்க திரும்பக் கேட்டாங்க எண்டு தாறேன்” என்றார்.

தரையில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு கவராக எடுத்து விரலுக்கு நடுவில் வைத்துப் பார்ப்பது, மெல்லியது என்றால் இந்தப் பக்கம், தடிமன் என்றால் அந்தப் பக்கம். ஆறு வருடம் நான் பார்த்த வேலையே இதுதான். ஆயிரம் வெட்டி மினுக்கலை ஒதுக்கி, ஒரு நிஜ மினுக்கலைப் பொறுக்குவது. அங்கே அதை இயந்திரம் செய்தது. இங்கே முழங்கால் வலிக்க நான் செய்தேன். ஒரு கவரில் மல்லிகைப்பூ வாசம் வந்தது. இன்னொன்று யாரோ அழுதுகொண்டே ஒட்டினது போல ஊறிக் காய்ந்து கிடந்தது. அதை மெதுவாகத்தான் வைத்தேன்.

மதியம் சாக்கு காலி. தடிமனானவை மூன்று. ஒன்றில் நாணயம் புரண்டது, காணிக்கை. மற்ற இரண்டிலும் உள்ளே விறைப்பாக ஏதோ இருந்தது. ஒன்றுக்குள் கவர், இன்னொன்றுக்குள் புகைப்படமாக இருக்கலாம். எது எது?

“ரெண்டுதானே! ஒரு ஓரத்தை மட்டும்...” என்றேன்.

“பிழையான கவரா இருந்தா?” என்றார் மரியதாஸ். “அந்த ஆளுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

ஃபிலோமினா இரண்டையும் வாங்கினார். முன்பக்கம் பார்க்கவே இல்லை. திருப்பி, ஒட்டிய இடத்தை விரல் நுனியால் தடவினார். ஒன்றில் வழவழவென்று கடைப் பசை. மற்றதில் சிறு சிறு மேடு.

“இது நான் ஒட்டினது. பசை வாங்கினதே இல்ல, சோத்தாலதான் ஒட்டுவேன். பாருங்க, பருக்கை அப்படியே கிடக்கு.”

“சோத்தால வேற யாரும் ஒட்டமாட்டாங்களா அக்கா?”

“ஒட்டுவாங்க. மசிச்சு ஒட்டுவாங்க. எனக்கு மசிக்கப் பொறுமை இல்ல. அண்ணாக்குத் தெரியும்.”

ரெஜினால்டு சார் தலையாட்டினார். மரியதாஸ் கவரைக் கையில் எடைபோடுவது போல வைத்திருந்துவிட்டு, ஃபிலோமினாவிடம் கொடுத்தார். மற்றதைத் திரும்பச் சாக்கில் போட்டார். யாருடைய புகைப்படமோ, யார் கேட்டதோ, அது அன்று எரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். வெள்ளைக் கவருக்குள் பழுப்புக் கவர், ரெஜினால்டு சாரின் கையெழுத்தில் ‘திறக்க வேண்டாம்’. கும்பிடத் தோன்றியது.

“முதல்ல ஒருக்கா வாய்விட்டுச் சொல்லுங்க. கணக்குல இனி எதையும் மாத்தமாட்டீங்க?” என்றார் அவர்.

“மாத்தமாட்டோம். கையெழுத்துப் போட்டாச்சே சார்.”

பிரித்தார். அட்டையில் பேனாவால் எழுதிய ஒரு வரி. என் பக்கம் திருப்பி வைத்தார்.

*வேகம். நூற்றுக்கு ஏழு.*

கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. மீட்டர் வேகமாக ஓடியிருக்கிறது. நாங்கள் நினைத்ததைவிடக் குறைந்த புரோட்டான்களைத்தான் வீசியிருக்கிறோம். குறைந்த வீச்சில் அதே மினுக்கல்கள் வந்தன என்றால், நைட்ரஜன் விழுங்கும் வேகம் குறையவில்லை. ஏற்கெனவே மற்றவர்கள் சொன்ன இடத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டது. பழைய நட்சத்திரங்களின் வயது கூடவில்லை. மூன்று மாநாடுகளும் மைக்கும் என் குரலும் காதில் கேட்டன.

“சார், மூணாவது தகட்டுல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு” என்றேன். “அதுல நைட்ரஜன் பூச்சு கொஞ்சம் கூடுதலா ஏறியிருக்கலாம். அந்த ரெண்டு வாரத்தை மட்டும் எடுத்து மறுபடியும் பார்த்தோம்னா...”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலை உயர்த்தவில்லை.

“மெதுவு எண்டு எழுதியிருந்தா, இந்தச் சந்தேகம் வந்திருக்குமா பிள்ள?”

அந்த மனிதர் மேல் அப்போது வந்த கோபம் மூன்று நாளில் யார் மேலும் வரவில்லை. ரயில் மேல் வரவில்லை, மாசி மேல் வரவில்லை. ஏனென்றால் அந்தச் சந்தேகம் வந்திருக்காது. மூன்றாவது தகட்டைப் பற்றி எனக்கு ஒரு வருடமாகத் தெரியும். ஒரு வருடமாக அது எனக்குத் தொந்தரவாக இல்லை. கவர் திறந்த ஒரு நிமிடத்தில் சந்தேகமாகிவிட்டது.

ஃபோனை எடுத்து, மலைக்கடியில் காத்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தட்டச்சினேன். ‘வேகம், ஏழு. கணக்கில் எதையும் மாற்றவில்லை. நான் சொன்னது தவறு.’ மூன்றாவது வாக்கியத்தை இரண்டு தடவை அழித்தேன். மூன்றாவது தடவை அழிக்காமல் அனுப்பினேன்.

ஃபிலோமினா பிளேன்டீயோடு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேசையில் கிடந்த அட்டையை எடுத்து வாசித்தார். இரண்டு பக்கமும் பார்த்தார்.

“கேட்டது கிடைக்கலையா?”

“கிடைக்கல அக்கா.”

“எப்படிக் கிடைக்கும்? இதுல வெறும் நம்பர்தானே இருக்கு. நீங்க ஒண்டுமே கேட்டு எழுதலையே?”

“கேட்கக் கூடாது அக்கா. அதுதான் ரூல்” என்றேன். ரெஜினால்டு சார் கையெழுத்துத் தாளைத் தன் பக்கம் இழுத்து, சாட்சி என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார்.